சூரியனின் நடுப்பகுதி நன்றாகத் தெரியும், மேற்பரப்புதான் இன்னும் புதிர்

"சூரியனுக்குப் பக்கத்தில்கூட யாராலும் போக முடியாது. அப்படியிருக்க உள்ளே இத்தனை அடுக்கு, நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரி, மேலே காந்தப்புலம் என்றெல்லாம் எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? இதில் பாதி ஊகம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பல ஆண்டுகளாக இந்தத் துறையைப் பின்தொடர்ந்து வருகிறவன் என்ற முறையில், கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். யாரும் பார்த்தே இராத நடுப்பகுதியைப் பற்றி நமக்கு இருக்கிற நிச்சயம், கண்ணுக்குத் தெரிகிற மேற்பரப்பைப் பற்றியும் அதற்கு மேலே இருப்பதைப் பற்றியும் கிடையாது. கேட்கத் தலைகீழாகத் தோன்றும். காந்தப்புலம்தான் இதற்குக் காரணம்.

நடுப்பகுதியிலிருந்து தொடங்கலாம். சூரியனின் எடை, பூமியும் மற்ற கோள்களும் சுற்றுகிற வேகத்திலிருந்து கிடைத்துவிடுகிறது: பூமியைப் போல 3.3 லட்சம் மடங்கு. ஆரம் சுமார் 7 லட்சம் கி.மீ. விநாடிக்கு எவ்வளவு ஆற்றலை வெளியிடுகிறது என்பதும் அளந்த விஷயம்தான். இவ்வளவு எடை உள்ள வாயு உருண்டை தன் பாரத்தால் தானே நசுங்கிவிடாமல் நிற்க வேண்டுமானால், ஒவ்வொரு ஆழத்திலும் அழுத்தம் இவ்வளவு இருந்தே ஆக வேண்டும். அந்த அழுத்தத்துக்கு வெப்பம் இவ்வளவு வேண்டும். இப்படிப் படிப்படியாகக் கணக்குப் போட்டால் மையத்தில் ஒன்றரைக் கோடி டிகிரியும், தண்ணீரைப் போல 150 மடங்கு அடர்த்தியும் வருகின்றன. அந்த நிலையில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறும். விநாடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் அப்படி மாறுகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கு மேல் நிறை ஆற்றலாகிவிடுகிறது.

சூரியன் பெரும்பாலும் ஹைட்ரஜன் என்பதே 1925 வரை யாருக்கும் தெரியாது. பூமியில் இருக்கிற அதே விகிதத்தில்தான் அங்கேயும் இரும்பும் மற்றவையும் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். எந்த வெப்பநிலையில் எந்த அணு எத்தனை எலக்ட்ரானை இழக்கும் என்பதற்கு மேகநாத் சாகா 1920-ல் ஒரு சமன்பாடு தந்தார். அதை நட்சத்திரங்களின் நிறமாலைக்குப் போட்டுப் பார்த்து, அவற்றில் ஹைட்ரஜனே மிகுதி என்று கண்டவர் சிசிலியா பெய்ன். அந்தக் கால மூத்த அறிஞர்கள் அதை ஏற்கத் தயங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அவர் சொன்னது சரி என்று ஆனது.

சரி, இதுவரை சொன்னது கணக்கு. நீங்கள் கேட்பது சாட்சி. இரண்டு வலுவான சாட்சிகள் இருக்கின்றன.

ஒன்று, ஒலி. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் லெய்ட்டனும் அவர் குழுவும் சூரியனின் மேற்பரப்பு சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டார்கள். அது ஏதோ மேலோட்டமான கொந்தளிப்பு என்றுதான் முதலில் எண்ணினார்கள். சூரியனுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு எதிரொலிக்கிற ஒலியலைகள் அவை என்று 1970 வாக்கில் கோட்பாட்டாளர்கள் சொன்னார்கள். அப்படியானால் அலைகளின் அதிர்வெண்கள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் விழ வேண்டும். 1975-ல் அளந்து பார்த்தபோது அப்படியே விழுந்தன. சூரியன் ஒரு பெரிய மணி மாதிரி, லட்சக்கணக்கான சுருதிகளில் ஒரே நேரத்தில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சுருதியும் மேற்பரப்பை அசைக்கிற வேகம், மிஞ்சிப் போனால் விநாடிக்கு இருபது செ.மீ. பதினைந்து கோடி கி.மீ. தூரத்திலிருந்து அதை அளக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

சில அலைகள் மேலோடு திரும்பிவிடும். சில மையம் வரை போய்வரும். எந்த ஆழத்தில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை இவற்றிலிருந்து பிரித்தெடுக்கலாம். நிலநடுக்க அலைகளை வைத்துப் பூமியின் உட்பகுதியை அறிகிற அதே வழி. இரவு குறுக்கே வந்தால் அளவீடு அறுந்துபோகும் என்பதால், 1995 முதல் உலகைச் சுற்றி ஆறு இடங்களில் ஒரே மாதிரிக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். உதய்ப்பூர் ஏரிக்குள் இருக்கும் ஆய்வகம் அவற்றில் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலம் போனது. 2010-ல் அதே வேலைக்காக எஸ்.டி.ஓ. என்ற கலம் போனது.

கிடைத்த விடை: கணக்கில் வந்த ஒலிவேகத்துக்கும் அளந்த ஒலிவேகத்துக்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆரத்தில் சுமார் 71 சதவீத தூரம் வரை ஆற்றல் கதிர்வீச்சாகவே கசிந்து வருகிறது. மையத்தில் பிறந்த ஆற்றல் அந்தத் தூரத்தைக் கடக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வரை ஆகும் என்று மதிப்பிடுகிறார்கள். அதற்கு மேலே உள்ள இரண்டு லட்சம் கி.மீ. அடுக்கு, உலையில் வைத்த நீர் போலக் கொதித்துப் புரள்கிறது. எல்லை எங்கே என்பதைக்கூட ஒலியலைகள் இவ்வளவு துல்லியமாகக் காட்டிக் கொடுத்துவிட்டன.

இரண்டாவது சாட்சி, நியூட்ரினோ. அணுக்கரு இணைவில் பிறக்கிற இந்தத் துகள் பெரும்பாலும் எதிலும் மோதாமல் நேராக வெளியே வந்துவிடும். ரேமண்ட் டேவிஸ் அமெரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் சலவைத் திரவத்தைத் தொட்டியில் நிரப்பி இவற்றைப் பிடிக்கக் காத்திருந்தார். கணக்குப்படி வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இது ஒரு பெரிய தலைவலி. சூரியனைப் பற்றிய நம் கணக்கு தப்பா, நியூட்ரினோவைப் பற்றிய அறிவு தப்பா? ஒலியலைகள் சூரியக் கணக்கின் பக்கம் நின்றன. கடைசியில் 2001, 2002 ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வகம், நியூட்ரினோக்கள் வரும் வழியில் வேறு வகைகளாக மாறிவிடுகின்றன என்று நிறுவியது. மூன்று வகையையும் சேர்த்து எண்ணினால் கணக்கு சரியாக இருந்தது. சூரியனைப் புரிந்துகொள்ளப் போய், துகள் இயற்பியலைத் திருத்த நேர்ந்தது! கோட்பாடு பாதி ஊகம் என்று யாராவது சொன்னால், நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இங்கே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். சூரியனில் ஆக்சிஜன், கார்பன் போன்றவற்றின் அளவை 2000களில் குறைத்து மதிப்பிட்டபோது, ஒலிவேகப் பொருத்தம் கொஞ்சம் கெட்டுப்போனது. அந்த வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனாலும் அது ஒரு சதவீதத்தைச் சுற்றி நடக்கிற வாதம். இனிச் சொல்லப் போகிற பகுதியில் அந்த வசதி இல்லை.

காந்தப்புலத்துக்கு வருவோம். சூரியனின் முகத்தில் கருமையாகத் தெரியும் திட்டுகளை, அதாவது கரும்புள்ளிகளை, தொலைநோக்கியால் 1610, 1611 வாக்கிலேயே பார்த்துவிட்டார்கள். அவை சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன என்று 1843-ல் சொன்னவர் ஹைன்ரிஷ் ஷ்வாபே. அவர் தேடியது வேறொன்றை. புதன் கோளுக்கு உள்ளே இன்னொரு கோள் இருந்தால் அது சூரியனின் முகத்தைக் கடக்கும்போது மாட்டும் என்று 1826 முதல் வெயில் உள்ள நாளெல்லாம் பார்த்துக் குறித்து வந்தார். கோள் கிடைக்கவில்லை, சுழற்சி கிடைத்தது. பின்னால் வந்த கணக்கில் அதன் சராசரி சுமார் 11 ஆண்டுகள் ஆனது.

இதற்கெல்லாம் காந்தம்தான் காரணம் என்று எப்படித் தெரிந்தது? காந்தப்புலத்துக்குள் இருக்கும் அணு வெளியிடுகிற நிறமாலைக் கோடு, ஒன்றுக்கு மேற்பட்டதாகப் பிளக்கும் என்று 1896-ல் டச்சு இயற்பியலாளர் பீட்டர் சீமன் தன் ஆய்வகத்தில் கண்டார். 1908-ல் அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் எல்லெரி ஹேல், அங்கே மவுண்ட் வில்சனில் இருந்த கோபுரத் தொலைநோக்கியால் கரும்புள்ளியின் நிறமாலையைப் பார்த்தார். கோடுகள் பிளந்திருந்தன. பிளவின் இரு பக்கத்து ஒளியின் அதிர்வும் எதிரெதிர்த் திசையில் சுழன்றது; காந்தப்புலத்தின் அடையாளம் அது. பிளவின் அகலத்தை அளந்தால் புலத்தின் வலிமை வரும்: சுமார் 3000 காஸ் (காஸ் என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு). பூமியின் புலம் அரை காஸ் அளவுதான். பூமிக்கு வெளியே காந்தப்புலத்தை மனிதர் அளந்தது அதுவே முதல் முறை. ஆக, "காந்தப்புலம் இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்" என்ற கேள்விக்கு நேரடியான பதில் இதுதான். ஒளி வரும்போதே அந்தத் தகவலைத் தன்மேல் எழுதிக்கொண்டு வருகிறது. இன்றைக்கு விண்கலங்கள் முழுச் சூரிய முகத்துக்கும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை காந்தப் படம் எடுப்பதும் இதே முறையில்தான்.

புள்ளி ஏன் கருப்பு என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. வலுவான புலம் கொதிப்பைக் கட்டிப்போடுகிறது. கீழிருந்து வெப்பம் ஏறி வர முடியாமல் அந்த இடம் சுமார் 4000 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சுற்றியுள்ள இடம் 5500 டிகிரி. பக்கத்தில் இருப்பது அவ்வளவு பிரகாசம் என்பதால்தான் புள்ளி கருப்பாகத் தோன்றுகிறது. ஹேல் கண்டுபிடித்த மறு ஆண்டு, கொடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். அது இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. அங்கே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நாள்தோறும் எடுத்துச் சேர்த்த ஒளித்தட்டுகள் நூறாண்டுக்கும் மேற்பட்ட பதிவு. சுழற்சிகளை ஆராய்கிறவர்களுக்கு அது ஒரு பொக்கிஷம்.

அப்புறம் ஹேலும் அவர் குழுவும் இன்னொன்றைக் கவனித்தார்கள். புள்ளிகள் பெரும்பாலும் ஜோடியாக வரும். ஒன்று வட முனை என்றால் மற்றது தென் முனை. சூரியனின் வட பாதியில், அது சுற்றும் திசையில் முன்னால் போகிற புள்ளி வட முனை என்றால், தென் பாதியில் முன்னால் போவது தென் முனையாக இருக்கும். அடுத்த சுழற்சியில் எல்லாமே மாறிவிடும். எனவே உண்மையான காந்தச் சுழற்சி 22 ஆண்டுகள்.

இது ஏன் நடக்கிறது? சூரியன் திடப்பொருள் கிடையாது. நடுக்கோட்டில் ஒரு சுற்றுக்குச் சுமார் 25 நாள், துருவத்தில் 35 நாள் வரை. சூரியனின் பொருள் பிளாஸ்மா, அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து மின்சாரம் கடத்துகிற வாயு என்பதால், காந்தப்புலக் கோடுகள் அதோடு ஒட்டிக்கொண்டே நகரும். வடக்கு தெற்காக இருந்த கோடுகளை நடுப்பகுதியின் வேகம் முன்னே இழுத்து, கிழக்கு மேற்காகச் சுற்றிவிடுகிறது. இறுகிய அந்தப் புலக்கற்றைகள் சுற்றுப்புறத்தைவிட லேசானவை என்பதால் மிதந்து மேலே வருகின்றன. வளைவாக மேற்பரப்பைத் துளைத்து வெளிவரும்போது, வெளியேறும் இடம் ஒரு புள்ளி, திரும்ப நுழையும் இடம் இன்னொரு புள்ளி. ஜோடி ஏன் என்பது புரிகிறதா? மேலே ஏறும்போது சூரியனின் சுழற்சி அந்த வளைவைச் சற்றே முறுக்கிவிடுகிறது. அதனால் முன்னால் போகும் புள்ளி நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். புள்ளிகள் கலைந்த பிறகு, பின்னால் இருந்ததன் புலத்தை விநாடிக்குப் பத்து இருபது மீட்டர் வேகத்தில் போகும் மெல்லிய ஓட்டம் ஒன்று துருவத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே இருந்த பழைய புலத்தை அது அழித்து, திசையை மாற்றிவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. 1955-ல் யூஜின் பார்க்கரும், 1961-ல் ஹோரஸ் பாப்காக்கும், பிறகு லெய்ட்டனும் சேர்த்துக் கட்டிய சித்திரம் இது. டைனமோ என்பது இதைத்தான்.

அழகான சித்திரம். ஆனால் இதில் ஓட்டைகள் உண்டு, அவற்றை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆரம்ப கால டைனமோ கணக்குகள் பலவற்றுக்குச் சுழற்சி வேகம் ஆழம் போகப் போகக் கூட வேண்டும். ஒலியலைகளை வைத்து அளந்தால் அப்படி இல்லை. கொதிக்கும் அடுக்கு முழுக்க மேற்பரப்பில் உள்ள அதே பாங்கு ஏறத்தாழ அப்படியே நீடிக்கிறது. அதன் அடிவாரத்தில் ஒரு மெல்லிய அடுக்கில் திடீரென்று மாறி, அதற்குக் கீழே எல்லாம் ஒரே திடப்பொருள் போலச் சேர்ந்து சுற்றுகிறது. கோட்பாட்டை உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. அந்த மெல்லிய அடுக்கில்தான் புலம் முறுக்கேறுகிறது என்று பல காலம் நம்பினார்கள். மேற்பரப்புக்கு அருகிலேயே அது நடக்கலாம் என்று இப்போது சிலர் வலுவாக வாதிடுகிறார்கள். கீழே துருவத்திலிருந்து நடுக்கோட்டுக்குத் திரும்பி வரும் ஓட்டம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதிலும் அளவீடுகள் ஒத்துப்போகவில்லை.

இதன் விளைவு, முன்கணிப்பில் தெரியும். கரும்புள்ளிச் சுழற்சிகளை வரிசையாக எண்ணி வருகிறார்கள். அதில் 24-ஆம் சுழற்சிக்கு முன்பு, 2006-ல் அமெரிக்கக் குழு ஒன்று டைனமோ மாதிரியை வைத்து, அது முந்தையதைவிட 30 முதல் 50 சதவீதம் வலுவாக இருக்கும் என்றது. 2007-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அர்ணப் ராய் சௌத்ரி தன் கூட்டாளிகளோடு, அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மாதிரியால், அது மிக பலவீனமாக இருக்கும் என்றார். சுழற்சி உண்மையில் நூறாண்டில் காணாத அளவுக்குப் பலவீனமாக அமைந்தது. இரண்டு குழுவும் ஒரே இயற்பியலைத்தான் பயன்படுத்தின. புலம் பெரும்பாலும் ஓட்டத்தோடு போகிறதா, பரவிக் கலைகிறதா என்பதில் எடுத்த முடிவு வேறு. 25-ஆம் சுழற்சிக்குச் சர்வதேச நிபுணர் குழு சொன்ன உச்சம், கரும்புள்ளிகளின் எண்ணிக்கையைக் காட்டும் அளவில் 115. 2024 இறுதியில் வந்தது 160-ஐ ஒட்டி. சுழற்சி தணிந்திருக்கும் காலத்தில் துருவப் புலம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பார்ப்பதே அடுத்த சுழற்சியைக் கணிக்க இன்றுவரை நம்பகமான வழி. நம்மிடம் இருப்பதில் அதுதான் உருப்படியானது என்பது என் கருத்து.

இனி கொரோனா, அதாவது முழுக் கிரகணத்தின்போது தெரியும் வெள்ளி நிறச் சுடர்வட்டம். 1869 கிரகணத்தில் அதில் ஒரு பச்சை நிறக் கோடு தெரிந்தது. தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் 'கொரோனியம்' என்று புதுப் பெயரே வைத்தார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து க்ரோட்ரியன், எட்லேன் என்ற இயற்பியலாளர்கள், அது 13 எலக்ட்ரான்களை இழந்த சாதாரண இரும்பு என்று காட்டினார்கள். இரும்பு அவ்வளவு இழக்க வேண்டுமானால் பத்து இருபது லட்சம் டிகிரி வேண்டும். கீழே 5500 டிகிரி, மேலே லட்சக்கணக்கில். அடுப்பை விட்டு விலகிப் போகப் போகச் சூடு ஏறுவது போல.

ஆற்றல் பற்றாக்குறை இங்கே பிரச்சினையே இல்லை. கொரோனா மிக மெல்லிய வாயு. அதைச் சூடாக வைக்கச் சூரியன் வெளியிடுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. அந்தச் சிறு பங்கு எப்படி மேலே போய்ச் சூடாக மாறுகிறது என்பதுதான் கேள்வி. காந்தக் கோடுகளின் வழியே ஏறும் அலைகள் (1942-ல் ஆல்வென் கணித்தவை) ஒரு வழி. பின்னிப் பிணைந்த கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது நடக்கும் எண்ணற்ற சிறு வெடிப்புகள், அதாவது 1988-ல் பார்க்கர் சொன்னவை, இன்னொரு வழி. இரண்டும் நடக்கின்றன என்று தெரியும். எங்கே எது எத்தனை பங்கு என்பதுதான் பிரியவில்லை. கொரோனாவின் புலத்தை நேரடியாக அளப்பது மிகவும் கஷ்டம். அங்கிருந்து வரும் கோடுகள் மங்கலானவை, வெப்பத்தால் அகன்றுபோனவை. பிளவு அந்த அகலத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. ஹவாயில் உள்ள 4 மீட்டர் இனோயே தொலைநோக்கி அதற்கான வழியைத் திறந்திருக்கிறது. 2024 தொடக்கத்தில் தன் இடத்தை அடைந்த இந்திய விண்கலம் ஆதித்யா-எல்1, கொரோனாவின் உட்பகுதியைக் கிரகணம் இல்லாமலே பார்க்கிறது.

இவ்வளவு சூடான வாயு அப்படியே நிற்காது, ஒலியைவிட வேகமாக வெளியே பாய வேண்டும் என்று 1958-ல் பார்க்கர் ஓர் ஆய்விதழுக்கு எழுதினார். மதிப்பாய்வாளர்கள் இருவரும் நிராகரித்தார்கள். இதழாசிரியராக இருந்த வானியற்பியலாளர் சந்திரசேகருக்கும் அந்த முடிவில் உடன்பாடு இல்லை. ஆனால் கணக்கில் தவறு காண முடியாததால் வெளியிட்டார். 1962-ல் மரினர்-2 விண்கலம், சூரியக் காற்று என்று பெயர் பெற்ற அந்தப் பாய்ச்சலை நேரில் அளந்தது. பார்க்கரின் பெயர் தாங்கிய கலம் 2021 ஏப்ரலில் கொரோனாவின் எல்லைக்குள் நுழைந்து, 2024 டிசம்பர் 24 அன்று மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கி.மீ. வரை போய் வந்தது. "பக்கத்தில்கூடப் போக முடியாது" என்று நீங்கள் எழுதியதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளலாம்.

வெடிப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. கோடுகள் அறுந்து இணையும் அதே வேலை பெரிய அளவில் நடந்தால் சூரிய வெடிப்பு. மிகப் பெரிய ஒன்றில் வெளிப்படும் ஆற்றல்கூடச் சூரியன் ஒரு விநாடியில் வெளியிடுவதில் சில சதவீதம்தான். இருந்தாலும் கூடவே கோடிக்கணக்கான டன் பிளாஸ்மா காந்தப்புலத்தோடு கிளம்பினால், ஒன்று முதல் மூன்று நாளில் பூமியை எட்டும். 1859-ல் ஆங்கிலேய வானியலாளர் கேரிங்டன் கண்ட வெடிப்புக்குப் பின் அந்தப் பிளாஸ்மா 18 மணி நேரத்துக்குள் வந்து தந்திக் கம்பிகளைக் குலைத்தது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணமே ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தது. பாதிப்பு எவ்வளவு என்பது அந்தப் புலம் வரும்போது தெற்கு நோக்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே எல்-1 என்ற இடத்தில் இருக்கும் கலங்களைக் கடக்கும்வரை அது உறுதியாகத் தெரியாது. அங்கிருந்து பூமிக்கு ஒரு மணி நேரம்கூட இருக்காது.

நீங்களே பார்க்க விரும்பினால், சூரியனை நேராகவோ வெறும் தொலைநோக்கி வழியாகவோ ஒருபோதும் பார்க்காதீர்கள், கண் போய்விடும். சிறு தொலைநோக்கியால் பிம்பத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழச் செய்து, புள்ளிகளைப் பென்சிலால் குறியுங்கள். இரண்டு வாரத்தில் சூரியன் சுற்றுவது தெரிந்துவிடும். இப்போது 25-ஆம் சுழற்சி இறங்குமுகத்தில் இருப்பதால், வரும் ஆண்டுகளில் புள்ளிகள் குறைந்துகொண்டே நடுக்கோட்டை நெருங்கும். பிறகு ஒருநாள், நடுக்கோட்டிலிருந்து முப்பது டிகிரி தள்ளி ஒரு சிறு ஜோடி முளைக்கும். காந்தப் படத்தில் அதன் முனைகள் முன்பிருந்ததற்கு நேர் எதிராக இருந்தால், அதுதான் 26-ஆம் சுழற்சியின் முதல் புள்ளி.